சொந்த வாக்கியம்

ஆமாம், இங்கிலீஷ் வாத்தியார்தான். மடியில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை அண்ணாச்சி. தனியாக வகுப்பு எடுக்கிறேன். சங்கரன்கோவிலில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில். வெளிநாட்டுக்குப் போகிற நர்சுகளுக்கு. நீங்கள் ராஜபாளையத்தில்தானே ஏறினீர்கள்? எங்கள் ஊரில் விசாரித்தால் தெரியும், சவரிமுத்து சார் என்றால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கை காட்டுவார்கள்.

சாப்பிடுங்கள், நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு ஆரஞ்சு வேண்டாம். பஸ்ஸில் நான் எதுவும் சாப்பிடுவதில்லை.

நர்சுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று எல்லாரும் கேட்பார்கள். நர்சிங் படித்ததே இங்கிலீஷில்தானே என்பார்கள். அங்கேதான் சூட்சுமம். பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய சொல்லெல்லாம் தெரியும். கல்லீரல், கணையத்துக்கெல்லாம் ஸ்பெல்லிங் தெரியும். சின்னச் சொல் தெரியாது. கெட், புட், டேக், கோ. இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். பின்னால் ஒரு வால் வந்து ஒட்டும். புட் ஆன் என்றால் உடுத்துவது. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது. புட் அப் வித் என்றால் பொறுத்துப் போவது. வால் மாறினால் ஆளே மாறிவிடும். லண்டனில் வயிற்றுவலிக்காரன் புத்தகத்தில் இருக்கிற மாதிரியா பேசுவான்? வாந்தி எடுத்தேன் என்பதற்கு த்ரூ அப் என்பான்.

பரீட்சையிலும் அப்படித்தான். பரீட்சை வைக்கிறவர் நோயாளியாக நடிப்பார், இந்தப் பிள்ளைகள் நர்சாகவே பேச வேண்டும். வகுப்பில் நான்தான் நோயாளி. ஒருநாள் நோயாளியின் மகனாக நடித்து, 'காலையில் எங்கள் அப்பா பாஸ்ட் அவுட்' என்றேன். மயங்கி விழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கி, 'வாழ்த்துகள், எந்த காலேஜ்?' என்றது. சிரியுங்கள். நாங்களும் அன்று முழுக்கச் சிரித்தோம்.

அதனால்தான் நான் ஒரு முறை வைத்திருந்தேன். இதெல்லாம் மனப்பாடம் செய்தால் நிற்காது. ஒவ்வொரு சொல்லையும் சொந்த வாழ்க்கையில் வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நிஜ வாக்கியம். பொய் வாக்கியம் பரீட்சை அன்றைக்கு வாயில் வராது, நிஜம் வரும். இது என் அனுபவம். எத்தனையோ பிள்ளைகள் இந்த முறையில்தான் அயர்லாந்திலும் சவூதியிலும் இருக்கிறார்கள். முறையில் தப்பில்லை அண்ணாச்சி. இன்றைக்கும் சொல்கிறேன், முறையில் தப்பில்லை.

காலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லாம் நைட் டியூட்டி முடித்து நேராக வருகிறவர்கள். கண் எரிச்சலோடு வந்து உட்கார்வார்கள். ஆனால் இந்த வாக்கியம் சொல்கிற நேரம் வந்தால் தூக்கம் போய்விடும். வகுப்பில் தமிழ் கூடாது என்பது சட்டம். இங்கிலீஷில் எதையும் சொல்லிவிடலாம், பாருங்கள். தமிழில் வாய் வராததெல்லாம் அதில் வரும். ஒருத்தி, 'என் மாமியார் தினமும் என் கைப்பையை கோ த்ரூ பண்ணுகிறாள்' என்பாள். குடைந்து பார்க்கிறாளாம். இன்னொருத்தி, 'என் கணவர் குறட்டை விட்டால் டர்ன் ஆஃப் பண்ண சுவிட்ச் இல்லை' என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

இந்தப் பெண் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பேர் வேண்டாம். ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் ஐந்து மணிக்கு கெட் அப் செய்கிறேன். யூனிஃபார்ம் புட் ஆன் செய்கிறேன்.' இவ்வளவுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது பொறுக்காது.

"என்னம்மா, எல்கேஜி வாக்கியமா சொல்லுத? உன் வீட்டுல ஒண்ணுமே நடக்காதா?" என்றேன். என் சட்டத்தை நானே மீறித் தமிழில் கேட்டேன். பக்கத்தில் இருந்த எஸ்தர், அவளோடு ஒரே வார்டில் வேலை பார்க்கிற பிள்ளை, "விடுங்க சார், அவ அப்படித்தான்" என்றாள். நான் விடவில்லை. டேக் அவுட் ஆன் என்ற சொல்லைக் கொடுத்தேன். யார் மேலேயோ உள்ள எரிச்சலை வேறு யார் மேலேயோ காட்டுவது. "இதை வச்சு ஒண்ணு சொல்லிட்டுத்தான் போகணும்" என்றேன்.

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள். கடையில் நஷ்டம் வருகிற நாட்களில் அவர் அதை என் மேல் தீர்த்துக்கொள்கிறார். ஹீ டேக் இட் அவுட் ஆன் மீ.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேக்ஸ்," என்றேன். "எஸ் விட்டுட்ட. ஹீ டேக்ஸ்."

அவள் திருத்திச் சொன்னாள். சரியாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் நன்றாகப் பேச ஆரம்பித்தாள். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அணை திறந்த மாதிரி. கவர் அப் கொடுத்தால், பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு டியூட்டிக்கு வருகிறேன் என்றாள். நான் 'பிரமாதம்' என்றேன். வாக்கியத்தைத்தான் சொன்னேன். மொழி வாத்தியாருக்கு வாக்கியம்தான் கண்ணுக்குத் தெரியும். டாக்டருக்கு வியாதி தெரிகிற மாதிரி. இல்லை, அந்த உதாரணம் சரியாக வரவில்லை. விடுங்கள்.

ஒருநாள் கெட் அவே. அவள் எழுந்து நின்று, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், 'பரீட்சை முடிந்ததும் என் மகளைக் கூட்டிக்கொண்டு அவரிடமிருந்து கெட் அவே செய்யப் போகிறேன். அதுவரைக்கும் புட் அப் வித் செய்வேன்' என்றாள். ஒரே மூச்சில் இரண்டு சொல். எதிர்காலம் சரி, இணைப்புச் சொல் சரி. இருபது வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியம் என் வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

நல்ல வாக்கியம் கிடைத்தால் நான் அதை மற்ற வகுப்பிலும் சொல்வேன். எல்லா வாத்தியாரும் செய்கிறதுதானே? சாயங்கால வகுப்பு காலேஜ் பிள்ளைகளுக்கு. அவர்களிடம் கெட் அவே சொல்லிக்கொடுக்கும்போது, 'காலையில் ஒரு நர்ஸ் சொன்னாள், கேளுங்கள்' என்று சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லவில்லை. ஒரு நர்ஸ், கணவனுக்குப் பூக்கடை, ஒரு மகள். இவ்வளவுதான். பூக்கடை என்று எதற்குச் சொன்னேன் என்றால், சும்மா ஒரு நர்ஸ் என்றால் பிள்ளைகளுக்கு மனசில் படம் வராது. படம் வந்தால்தான் சொல் நிற்கும்.

சுவாதிகா என்று ஒரு பிள்ளை. துடுக்கான பிள்ளை. "சார், எங்க தெரு அக்கா கதை மாதிரில்லா இருக்கு! அவங்களும் நர்சு, மாமாவுக்கும் பூமார்க்கெட்டுல கமிஷன் கடை" என்றாள்.

"யாராயிருந்தா உனக்கு என்ன? நீ வாக்கியத்தைப் பாரு" என்றேன்.

இல்லை என்று சொல்லவில்லை. அதுதான். சிரித்துக்கொண்டே சொன்னேன் வேறு. அந்தப் பிள்ளையும் சிரித்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கும். அது தப்பா? அந்த வயசில் எல்லாப் பிள்ளையும் சொல்லத்தானே செய்யும். அந்த அம்மா யாரிடம் சொன்னாளோ. இப்படி எத்தனை வாய் நடுவில் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தன் எப்படிப் பொறுப்பாவேன்?

அப்புறம் அவர் வந்தார். அவள் கணவர். காலை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். அவ்வளவு மரியாதை. வாழை இலையில் கட்டின பிச்சிப்பூப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தார்.

"வீட்டம்மாவுக்குக் குடுங்க சார். காலையில வந்த பூ."

"எதுக்குங்க இதெல்லாம்" என்றேன்.

"என் வீட்டுக்காரி எப்படிப் படிக்கா?"

"ரொம்ப நல்லா. இந்த பேட்ச்லேயே முதல்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நமக்கு இந்த இங்கிலீஷ் எல்லாம் ஏறாது சார். ஒரு சந்தேகம், கேட்டாத் தப்பா நினைக்கக் கூடாது. கெட் அவேன்னா என்ன சார்?"

என்னிடம் ஒருவர் சந்தேகம் கேட்டு நான் தெரியாது என்று சொன்னதில்லை. என் தொழில் அது. வாய் தானாகத் திறந்துவிட்டது. "தப்பிச்சுப் போறதுங்க" என்றேன்.

"ஓஹோ. ஓடிப்போறதா?"

"ஓடிப்போறதுன்னா ரன் அவே. இது கொஞ்சம் வேற. பிடிச்சு வச்சிருக்கவங்க கையில அகப்படாமப் போறது."

வித்தியாசத்தைக்கூட விளக்கினேன் அண்ணாச்சி. அவர் தலையாட்டிக்கொண்டார். நல்ல மாணவன் தலையாட்டுவது மாதிரி. "இப்பப் புரிஞ்சுது சார்" என்றார். கும்பிட்டார். படியிறங்கிப் போகும்போது செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனார். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி சாயங்காலம் அதைத் தலை நிறைய வைத்துக்கொண்டு, "யார் குடுத்தா? இவ்வளவு அடர்த்தியாக் கட்டியிருக்கே" என்றாள். ஒரு மாணவியின் வீட்டில் என்றேன்.

அதற்கடுத்த வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. "மாடிப்படியில விழுந்துட்டாளாம் சார், கையில கட்டுப் போட்டிருக்கு" என்று எஸ்தர் சொன்னாள். தமிழில் சொன்னாள். நான் தமிழ் பேசாதே என்று சொல்லவில்லை. அன்று யாருக்கும் சொல் கொடுக்கவில்லை. ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு, அப்படியே பஸ் ஏறிவிட்டாள். மாற்றுத் துணிகூட இல்லை. அவள் போட்டிருந்த திட்டம் வேறு. பரீட்சை, பிறகு ரிசல்ட், கையில் வேலைக்கான உத்தரவு, அதற்குப் பிறகுதான் கிளம்புவது. எல்லாம் முன்னே பின்னே ஆகிவிட்டது.

பரீட்சை நாளைக் காலையில். பாஸ்போர்ட் அசலைக் காட்டாவிட்டால் ஹாலுக்குள் விட மாட்டார்கள். அது எங்கே இருந்தது தெரியுமா? என் மேசை இழுப்பறையில். பரீட்சைக்குப் பதிவு செய்வதற்காக என்னிடம் கொடுத்திருந்தாள். வீட்டில் இருப்பதைவிட உங்களிடம் இருக்கட்டும் சார் என்று விட்டுவைத்திருந்தாள். அவர் வீட்டைப் புரட்டியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். என்னிடம் மட்டும் வரவில்லை. சார் நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்.

இதோ, இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. அதைக் கொடுக்கத்தான் போகிறேன். போன வாரம் வேறு ஒரு நம்பரிலிருந்து பேசினாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "சார், நான் இருக்க இடம் எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

"சொல்வேனாம்மா?" என்றேன்.

"எஸ்தர்தான் சார் அவர்கிட்டச் சொல்லியிருக்கா. அவ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவ மாதிரி நினைச்சேன். இனிமே அவ முகத்துலயே முழிக்க மாட்டேன்."

நான் 'ம்' என்றேன்.

அதுதான் உறுத்துகிறது. எஸ்தர் வகுப்பில் வந்து அழுகிறாள். 'அவ ஏன் சார் என் போனை எடுக்க மாட்டேங்கா' என்று என்னிடமே கேட்கிறாள். அந்தப் பெண் வராத நாட்களில் அவள் டியூட்டியையும் எஸ்தர்தான் சேர்த்துப் பார்த்தாள். நான் இன்றைக்கு நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். ராஜபாளையம் வருவதற்குள் யோசனை மாறிவிட்டது. நாளைக்குப் பரீட்சை. இன்றைக்குப் போய் இதைச் சொன்னால் அவள் எப்படி எழுதுவாள்? என்னையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் நல்லதுக்குத்தான் பார்க்கிறேன். நல்லபடியாக பாஸ் செய்து அயர்லாந்து போய்ச் சேரட்டும். அங்கே போன பிறகு ஒரு மெசேஜ் போட்டால் போகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? சொல்லாமல் இருப்பது சரிதானே?

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பரவாயில்லை. கேட்டீர்களே, அதுவே போதும். என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. உங்களிடம் என்றால், யாரோ எவரோ, இறங்கினால் மறுபடி பார்க்கப் போவதில்லை. பேரும் சொல்லவில்லை.

எங்கே இறங்க வேண்டுமா? டிக்கெட் மதுரைக்குத்தான். ஆனால் அதுவரை போக வேண்டாம், திருநகரில் இறங்கிவிடலாம். கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் நடத்துகிற விடுதி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று சொன்னாள். நடக்கிற தூரம்தானாம். உங்களுக்கு அந்தப் பக்கம் பழக்கமா?

என்ன?

இல்லை, சரியாகக் காதில் விழவில்லை. இனியாவும் அங்கேதான் இருக்காளா என்றா கேட்டீர்கள்?

நான் குழந்தையின் பேரைச் சொன்னேனா? இல்லை. சொல்லவில்லை. மகள் என்றுதான் சொன்னேன். மகள் என்று மட்டும்தான்.

நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லையே. ராஜபாளையத்தில் ஏறினால் ராஜபாளையம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டுக்கு வந்தீர்களா. ஓ. அப்படியானால் சொந்த ஊர் சங்கரன்கோவில்தானா? சரி. பூமார்க்கெட்டில் உங்களுக்கும் பழக்கம் உண்டு. சரி. அவள் கணவருக்கு நீங்கள் என்ன முறை? பெரியப்பாவா. அவர் அப்பாவோடு கூடப் பிறந்தவர் இல்லை, ஒன்றுவிட்ட முறை. சரி.

இல்லை, நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவனை நீங்களும் கண்டித்திருக்கிறீர்கள் என்கிறீர்கள், இருக்கலாம். குழந்தையை நினைத்து நாள் கணக்காகத் தூக்கமில்லை என்கிறீர்கள், அதுவும் நிஜமாக இருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிகிறது. அவர் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

திருநகர் என்று சொன்னேனா? அது வாய் தவறி வந்தது. அவள் மதுரையிலேயே இல்லை. திருச்சி. நான் மதுரையில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எல்லாம் சும்மா சொன்னது. பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லிச் சொல்லி, எதையாவது சேர்த்துச் சொல்கிற பழக்கம்.

நீங்கள் நம்பவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை, உங்களுக்கு எப்படி முடியும்? பொய்யாக ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. நானும் அவளிடம் இதையேதான் சொன்னேன்.

கண்டக்டர், கல்லுப்பட்டி நிற்கும் இல்லையா? நிறுத்துங்கள், நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். டிக்கெட் இருக்கட்டும். கொஞ்சம் காலை நகர்த்துங்கள் அண்ணாச்சி. இறங்கினதும் முதல் வேலையாக அவளுக்குப் போன் செய்ய வேண்டும். இருட்டுவதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த விடுதியை விட்டுக் கிளம்பச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை எங்கே கொண்டுவர வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

ஏன் என்று கேட்பாள்.